ஒரே எண், இரண்டு குழந்தைகள்

அடுத்தடுத்து எழுதிய இரண்டு அறிக்கைகள். இரண்டும் ஒன்பது வயதுக் குழந்தைகளுடையவை. மொத்த நுண்ணறிவு மதிப்பெண் இருவருக்கும் 100ஐ ஒட்டியே வந்தது. சிறுமிக்கு எல்லாப் பிரிவுகளும் 95க்கும் 105க்கும் நடுவில் அடங்கியிருந்தன. வாசிப்பு மட்டும் வகுப்புக்கு மிகவும் பின்தங்கியிருந்தது. சிறுவனுக்கு மொழிவழிப் புரிதலில் 118, வேலையின் வேகத்தில் 75. கூட்டிப் பார்த்தால் அவனும் சராசரிதான். ஆனால் வகுப்பறையில் அவன் ஒருநாளும் சராசரியாக இருந்ததில்லை. வாய்மொழியாகக் கேட்டால் மற்றவர்களுக்கு முன்பாகப் பதில் சொல்லிவிடுவான். கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் பலகை அழிக்கப்பட்டுவிடும். "எல்லாம் தெரிகிறது, எழுதத்தான் சோம்பல்" என்று அவனுடைய ஆசிரியர் குறிப்பு அனுப்பியிருந்தார்.

கற்றல் மதிப்பீடு என் தொழில். மதிப்பெண் பக்கத்தை நான் குறைத்து நினைப்பதில்லை. அது இல்லாவிட்டால் என் ஊகங்களுக்குக் கடிவாளமே இருக்காது. ஆனாலும் ஒரு குழந்தைக்கு நாளை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்பவை அதன் தவறான விடைகள்தாம். அவற்றைப் பற்றி எழுதிய பக்கங்களைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனையை 1949இல் வெளியிட்டார். அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. 6 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. மொழிவழிப் புரிதல், உருவங்களையும் இடத்தையும் கையாளுதல், பழக்கமில்லாத சிக்கலைத் தர்க்கத்தால் அவிழ்த்தல், செயல்நினைவு, வேலையின் வேகம் என ஐந்து பிரிவுகள். குழந்தை பெற்ற மதிப்பெண் அதே வயதுக் குழந்தைகளின் பெரிய மாதிரி ஒன்றோடு ஒப்பிடப்படுகிறது. நடுப்புள்ளி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். அதாவது 92ஐ நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்றும், 88ஐ ஏதோ சரிவு என்றும் வாசிப்பது இரண்டுமே பிழை.

பெர்சென்டைல் என்னும் எண் இதைவிட அதிகமாகக் காயப்படுத்துகிறது. 37 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பாதிகூட வாங்கவில்லையா?" என்று கேட்ட பெற்றோர் உண்டு. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ முப்பத்தேழு பேரைவிட மேலே என்பதுதான் அதன் பொருள். நுண்ணறிவுக் கணக்கில் அது 95. முழுக்க இயல்பான எண். மேலும், எந்த மதிப்பெண்ணும் ஒற்றைப் புள்ளி அல்ல. மொத்த மதிப்பெண் 96 என்றால், உண்மையான நிலை சுமார் 90க்கும் 102க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று கொள்ள வேண்டும். நல்ல அறிக்கையில் இந்த எல்லைகள் அச்சிட்டிருக்கும். சோதனையின் பதிப்பையும் கேளுங்கள். ஒரு தலைமுறையின் மதிப்பெண்கள் முந்தைய தலைமுறையைவிட உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் விரிவாக எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளிகள். பழைய பதிப்பை இன்றைய குழந்தைக்குப் பயன்படுத்தினால் எண் தேவையில்லாமல் உப்பிவிடும். உதவி தேவைப்படும் குழந்தை உதவிக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்படும்.

இந்த எண்ணே இல்லாமல்தான் இந்தத் துறை தொடங்கியது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை எப்படி இனம்காண்பது என்று ஆராய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முப்பது பணிகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று அறிவதே நோக்கம். நுண்ணறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலையான அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாக எதிர்த்தார். உடலுக்குப் பயிற்சி இருப்பதைப் போலக் கவனத்துக்கும் நினைவுக்கும் பயிற்சி உண்டு என்று வகுப்பறைக்கான பயிற்சிகளையும் வகுத்தார். 1911இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை, அதாவது எந்த வயதுக்குரிய பணிகளைக் குழந்தை செய்கிறதோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். 1916இல் லூயிஸ் டெர்மன் பினே அளவுகோலின் அமெரிக்கப் பதிப்பில் அந்த ஈவை நூறால் பெருக்கி ஒரே எண்ணாக்கினார். உதவி தேவைப்படுபவரைத் தேடப் பிறந்த கருவி, சில ஆண்டுகளிலேயே மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகள் மிகையான எண்ணிக்கையில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள்; அந்த முடிவுகளுக்கு நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் மேசையில் இருக்கும் சோதனைப் பெட்டிக்கும் இந்த வரலாறு உண்டு என்பதை நான் மறக்க விரும்புவதில்லை.

இனி மேசைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிவப்பும் வெள்ளையுமான கனசதுரக் கட்டைகளைக் கொண்டு ஓர் உருவத்தை அடுக்க வேண்டிய பணி ஒன்று உண்டு. கடிகாரம் ஓடும். ஒரு குழந்தை அசையாமல் உருவத்தையே பார்க்கும். பிறகு தயக்கமில்லாமல் அடுக்கிவிடும். இன்னொன்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்து, தவறைக் கண்ணால் கண்டுபிடித்துத் திருத்தியபடியே முன்னேறும். மூன்றாவது குழந்தை அடுக்கிய உருவம் தவறு. ஆனால் அது தவறு என்று அதற்குத் தெரியவில்லை. நான்காவது குழந்தை நேரம் முடிந்து பதினைந்து விநாடிக்குப் பிறகு மிகச் சரியாக முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். விதிப்படி மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் அந்த உருவத்துக்குப் பூஜ்யம்தான். கணக்குப் பாடத்தில் இந்த இருவருக்கும் ஒரே உதவியைப் பரிந்துரைத்தால் நான் என் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

எண்களைச் சொல்லி, திரும்பச் சொல்லக் கேட்கும் பணியும் அப்படித்தான். கேட்ட வரிசையிலேயே சொல்வதற்குக் காதும் சற்றுக் கவனமும் போதும். தலைகீழாகச் சொல்ல வேண்டும் என்றால், எண்களை மனத்தில் பிடித்துக்கொண்டே அவற்றை மாற்றி அடுக்க வேண்டும். ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் செயல்நினைவு என்று விளக்கியது இந்தத் திறனைத்தான்: தகவலைத் தாங்கிக்கொண்டே அதன்மீது வேலை செய்வது. முதலாவதில் நன்றாகச் செய்து இரண்டாவதில் திடீரென்று சரியும் குழந்தையை வகுப்பில் கற்பனை செய்து பாருங்கள். "புத்தகத்தை மூடு, நோட்டை எடு, தேதி எழுது, நேற்றைய மூன்றாம் கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் அது நோட்டை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும். கீழ்ப்படியாமை என்று அதற்குத் திட்டு விழும். அந்தக் கட்டளையை நான்காகப் பிரித்துச் சொன்னால், அல்லது பலகையில் எழுதிப் போட்டால், அதே குழந்தை எல்லாவற்றையும் செய்துவிடுகிறது.

மீண்டும் அந்தச் சிறுவனின் 75. வேகத்தை அளக்கும் பணி ஒன்றில், குறிகளை ஒரு பட்டியலைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்குள் கட்டங்களில் எழுத வேண்டும். குறைந்த மதிப்பெண்ணுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பென்சிலை இறுக்கிப் பிடித்து, கை வலித்து, இடையில் விரலை உதறும் குழந்தையின் தடை கையில் இருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் குழந்தைக்கு இணைகள் மனத்தில் தங்கவில்லை. எழுதியதை அழித்து மேலும் அழகாக எழுதும் குழந்தைக்குப் பிழையின்மீது அச்சம். அறையின் மூலையில் கேட்ட ஒலிக்குத் தலைதிருப்பி, திரும்பி வரும்போது வரியைத் தவறவிடும் குழந்தையின் கதை வேறு. இவனுக்குக் கை. அதே வேகத்தைக் கை அதிகம் தேவைப்படாத பணியில் பார்த்தபோது இடைவெளி பாதியாகச் சுருங்கியது. இவனை எழுத்துப் பயிற்சிக்கு முன் இயன்முறைப் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்றும் எழுதினேன். "மதிப்பெண் 75" என்ற வரி மட்டும் பள்ளிக்குப் போயிருந்தால், மந்தமானவன் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

சிறுமியின் வாசிப்பு வேறு பாதை. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதும் கேட்டதைப் புரிந்துகொள்வதும் சேர்ந்தது என்று ஃபிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986இல் எளிமையாக வகுத்துக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் வாசிப்பு பூஜ்யம். அதனால் நான் முதலில் செய்வது, ஒரு பகுதியை நானே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பது. பிறகு அதே கடினத்தில் இன்னொரு பகுதியைக் குழந்தையையே வாசிக்கச் செய்து கேள்வி கேட்பது. கேட்டபோது எல்லாம் புரிந்து, தானே வாசித்தபோது ஒன்றும் புரியாவிட்டால் சிக்கல் எழுத்தில். இரண்டிலும் புரியாவிட்டால் சொல்வளத்தையும் மொழியறிவையும் பார்க்க வேண்டும். மடமடவென்று பிழையில்லாமல் வாசித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மதிப்பீட்டுக்கு அழைத்து வருவதில்லை. "நன்றாகப் படிக்கிறாள்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வோம். பழகிய சொல்லை அதன் வடிவத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம். இல்லாத சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்போம். வரிசையாக உள்ள நிறங்களையோ எழுத்துகளையோ எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறாள் என்று பார்ப்போம். சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில் தடுமாற்றமும், பெயர் சொல்வதில் மந்தமும் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டில் பரவலாகக் காணப்படுபவை. எழுதும் மொழியைப் பொறுத்து இது வேறு முகம் காட்டும். ஆங்கிலத்தில் தவறாக வாசிப்பது எடுப்பாகத் தெரியும். எழுதியபடியே ஒலிக்கும் இத்தாலியம், ஃபின்னிஷ் போன்ற மொழிகளில் குழந்தை காலப்போக்கில் சரியாக வாசிக்கக் கற்றுவிடும். ஆனால் ஒவ்வொரு வரியும் நத்தையாக ஊரும். தமிழும் பெருமளவு இந்தப் பக்கம்தான். ஆகவே எத்தனை பிழை என்று மட்டும் எண்ணிவிட்டு நேரத்தைக் குறிக்காமல் விட்டால் சிக்கல் கண்ணில் படாமலே போய்விடும். 2001இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளைச் செயல்பாட்டை ஒப்பிட்டது. வாசிப்பின் துல்லியத்தில் இத்தாலியர்கள் முந்தினார்கள். மூளையில் குறைவாக இயங்கிய பகுதி மூவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

இதில் என்னைக் கோபப்படுத்தும் ஒரு பழைய விதியையும் சொல்ல வேண்டும். நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் இடையில் போதிய இடைவெளி இருந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஒப்புக்கொள்வோம் என்பது அது. அந்த இடைவெளி விரியும் அளவுக்குக் குழந்தை சில வகுப்புகள் தோற்றுக்கொண்டே காத்திருக்க வேண்டும். நுண்ணறிவில் சற்றுக் குறைந்த மதிப்பெண் எடுத்த குழந்தைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இடைவெளி உள்ள குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் வாசிப்புத் தடை ஒரே வகையானது. உதவியும் ஒரே வகையானது. 2004இல் அமெரிக்கச் சட்டம் அந்த இடைவெளியைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும் அதைக் கைவிட்டது. ஆயினும் பழைய சூத்திரத்தோடு எழுதிய அறிக்கைகள் இன்றும் என் கைக்கு வருகின்றன. வாசிப்புத் தடைக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், எழுத்து கைகூடாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னதாக அதில் பதிவு இருக்கிறது.

கண், காது பரிசோதனை முடியாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. அடிக்கடி சளி பிடித்துச் செவி அடைபடும் குழந்தைக்குச் சில ஒலிகள் மங்கலாகவே கேட்கும். அதை மொழிக் குறைபாடு என்று எழுதிவிடுவது எளிது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால், சோதனையின் மொழி எது என்பது பெரிய கேள்வி. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொற்பொருள் கேட்டால் அந்த மொழியோடு குழந்தைக்கு உள்ள பழக்கத்தைத்தான் அளக்கிறோம். தூங்காத குழந்தை, காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தை, முந்தைய இரவு வீட்டில் சண்டை கேட்ட குழந்தை என்றால் அன்றைக்கு விளையாடிவிட்டு அனுப்பிவிடுவேன்.

கவனக் குறைபாட்டைப் பற்றித்தான் பெற்றோருக்கு விளங்கவைப்பது கடினமாக இருக்கிறது. "உங்களிடம் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தானே" என்கிறார்கள். அமைதியான அறை, எதிரே ஒரே ஒரு பெரியவர், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் பணி: கவனம் சிதறும் பல குழந்தைகள் இந்தச் சூழலில் நன்றாகவே இருப்பார்கள். அதனால் எந்த ஒற்றைச் சோதனையும் இதை உறுதிப்படுத்துவதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பும் வினாத்தாள்கள், சிறுவயது வரலாறு, வகுப்பறையில் நேரில் பார்ப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு படம் தெரியும். வீட்டு வினாத்தாளும் பள்ளி வினாத்தாளும் முரண்பட்டால் எனக்கு மகிழ்ச்சியே. எந்தச் சூழலில் குழந்தைக்கு இயல்கிறது என்பதற்கு அது துப்பு.

ஒன்றை மட்டும் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது: "இவள் பார்த்துக் கற்பவளா, கேட்டுக் கற்பவளா?" இந்தக் கேள்வி அநேகமாக எல்லாச் சந்திப்பிலும் வருகிறது. ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008இல் கிடைத்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். குழந்தையின் கற்கும் பாணிக்கேற்பப் பாடத்தை மாற்றினால் பயன் அதிகம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். காட்சிப் பணியில் மதிப்பெண் அதிகம் என்பதால் வாசிப்பைப் படமாக மாற்றிக் கொடுத்தால் குழந்தை படம் பார்க்கக் கற்கும். வாசிக்கக் கற்க, வாசிக்கத்தான் கற்றுத்தர வேண்டும். ஒலி ஒலியாக, முறையாக, போதிய நேரம் கொடுத்து. என் அறிக்கையில் "இவர் காட்சிவழிக் கற்பவர்" என்னும் வரிக்கு இடமில்லை.

பரிந்துரைப் பக்கத்தையும் கறாராகப் பாருங்கள். "பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும்", "தனிக் கவனம் தேவை" என்று மட்டும் இருந்தால் அந்த அறிக்கையை எந்தக் குழந்தைக்கும் எழுதியிருக்கலாம். யார், எதை, வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எப்போது மறுபடி பார்ப்பது என்று இருக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கும் ஓர் எச்சரிக்கை: மெதுவாக ஆனால் சரியாக வாசிக்கும் குழந்தைக்கு அது வரம். எழுத்தையே கூட்டத் தெரியாத குழந்தைக்குக் கூடுதல் அரை மணி என்பது கூடுதலாக அரை மணி வேதனை; அதற்கு வேண்டியது வினாத்தாளை வாசித்துச் சொல்பவரும், வகுப்புக்கு வெளியே தொடரும் வாசிப்புப் பயிற்சியும்.

குழந்தைக்கு முடிவைச் சொல்லாமல் மதிப்பீட்டை முடிப்பதை நான் ஏற்பதில்லை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அது தானே ஒரு விடை கண்டுபிடித்துவிடும். அந்த விடை எப்போதும் உண்மையைவிட மோசமானது. "எனக்கு மூளை குறைவா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். அவள் செய்த பணிகளையே எடுத்துக் காட்டினேன். இதில் உன் வயதுப் பிள்ளைகளைப் போலவே செய்தாய். இந்தப் புதிரை நீயே ஒரு வழி கண்டுபிடித்து முடித்தாய். ஒலிகளைப் பிரிக்கும் இந்த இடத்தில்தான் உனக்குக் கடினமாக இருக்கிறது, அதற்கென்றே பயிற்சி இருக்கிறது என்றேன். எத்தனை நாளில் சரியாகும் என்று அடுத்த கேள்வி வந்தது. நாள் சொல்ல முடியாது, ஆனால் சரியாகிக்கொண்டு வருகிறதா என்பதை நீயே பார்க்கலாம் என்று சொல்லி வரைபடத் தாள் ஒன்றைக் கொடுத்தேன்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அதை எந்த வீட்டிலும் எந்த வகுப்பிலும் செய்யலாம். நுண்ணறிவுச் சோதனையை அடுத்தடுத்துக் கொடுக்க முடியாது; பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறிவிடும் என்பதால் குறைந்தது ஓராண்டாவது இடைவெளி விடுவோம். வாசிப்பை வாரந்தோறும் அளக்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்லி டீனோ வளர்த்தெடுத்த முறை இது: வகுப்புக்கு ஏற்ற, முன்பு பார்த்திராத பகுதி ஒன்றை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணிப் புள்ளியாகக் குறிப்பது. வாரத்துக்கு ஒரு புள்ளி. ஒரு வாரம் தாழ்ந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆறு முதல் எட்டுப் புள்ளிகள் சேர்ந்த பிறகு கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஏறினால் பயிற்சியைத் தொடருங்கள். ஏறாவிட்டால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பயிற்சி தருபவரிடம் போய், நேரத்தைக் கூட்டுவதா, குழுவைச் சிறிதாக்குவதா, இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குவதா என்று கேளுங்கள். சிறுமியின் கோடு முதல் மாதம் அசையவே இல்லை. பயிற்சியாளர் நீண்ட சொற்களை விட்டுவிட்டு இரண்டெழுத்துச் சொற்களுக்கு இறங்கினார். அடுத்த மாதத்துப் புள்ளிகளை அவளே சிவப்பு மையில் வைத்திருந்தாள்.